இலையில் செய்த முகம்

நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, ஹொல்ஸ்டெப்ரோ என்ற டேனிஷ் ஊரில் எங்கள் வீட்டுக்குச் சித்தியின் மகள் வந்து சேர்ந்தாள். சித்திக்கு வருத்தம், ஓகூஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். என்ன வருத்தம் என்று கேட்டால், "சின்னப்பிள்ளையளுக்கு அது என்னத்துக்கு?" என்று அம்மா சட்டி கழுவப் போய்விடுவார். எங்கள் ஆட்கள் சில வருத்தங்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

கொஞ்ச நாள் இரண்டு மாதமாயிற்று. மீன் பொரித்தால் நடுத்துண்டு அவளுக்கு. காரில் சன்னலோரம் அவளுக்கு. சனிக்கிழமைகளில் அம்மா அவளை மட்டும் ரயிலில் ஓகூஸுக்குக் கூட்டிப்போவார். வரும்போது அவள் சட்டையில் ஐஸ்கிரீம் கறை இருக்கும். நான் வீட்டில் அப்பாவோடு துணி மடிப்பேன். ஏழு வயதுப் பூனைக்குட்டி, என் அம்மாவை அப்படியே சுருட்டிக்கொண்டுவிட்டாளே!

ஒக்டோபர் விடுமுறைக்கு முதல்நாள், நானும் அவளும் படித்த பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்பும் முற்றத்துக்கு இறங்கியது. விழுந்த இலை, கொட்டை, குச்சி எதையாவது வைத்து, மனதில் இருப்பதை நிலத்தில் செய்யுங்கள் என்றார் ஆசிரியை. பசை கூடாது. காற்று கொண்டுபோனால் போகட்டும். பின்னேரம் பெற்றோர் பார்க்க வருவார்கள்.

என் மனதில் இருந்தது ஒன்றுதான்: அம்மா என் முன்னால் வாயைப் பிளந்து நிற்கவேண்டும். அதனால் மயில் செய்தேன். சிவப்பு மேப்பிள் இலையில் தோகை, தோகைக் கண்களுக்குப் பளபளவென்று கஸ்டானிய மரத்துப் பழுப்புக் கொட்டைகள். சித்தி மகளோ மஞ்சள் இலைகளை வட்டமாக அடுக்கி, இரண்டு ஓக் கொட்டையைக் கண்ணாக வைத்து, வாய்க்கு ஒரு குச்சியை வளைத்துவிட்டு எழும்பிவிட்டாள்.

அம்மா வந்தார். "வடிவாயிருக்கு பிள்ளை" என்று மயிலுக்கு ஒரு பார்வை. அவ்வளவுதான். அந்த மஞ்சள் முகத்துக்கு முன்னால் குந்தி, அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. என் எந்தப் படத்துக்கும் அவர் அழுததில்லை.

"அம்மா, இவள் தலைமயிர் வைக்க மறந்திட்டாள்!" என்று கத்தினேன்.

"வாயை மூடு!"

எல்லார் முன்னிலையிலும். அம்மா ஆசிரியையோடு கதைக்க எழும்பிப் போனதும், பைன் மரத்தடியில் கிடந்த ஊசியிலைகளை இரு கையாலும் அள்ளி வந்து அந்த முகத்தின் தலையில் கொட்டினேன். பிழை அவளுடையது, திருத்தம் என்னுடையது என்று ஊர் பார்க்கட்டும். அவள் அழட்டும்.

அவள் அழவில்லை. குந்தியிருந்து, விரலால் அந்த ஊசியிலைகளுக்கு நடு உச்சி பிரித்தாள். எங்களுக்குள் நாங்கள் டேனிஷ்தான் கதைப்போம். அன்று தமிழில் சொன்னாள். "இப்ப என்ரை அம்மா மாதிரியே இருக்கு அக்கா. முந்தின அம்மா."

திரும்பி வந்த அம்மா அதைப் பார்த்தார். "ஆர் வைச்சது?" அவள் என்னைக் காட்டினாள். அம்மா என்னை அணைத்து, "என்ரை குஞ்சு" என்று கன்னத்தில் மாறி மாறிக் கொஞ்சினார்.

வீடுவரை அம்மாவின் கையை நான்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன். கடைசியில் வென்றுவிட்டேன் என்று ஒரே புளுகமும் சந்தோசமும். சனிக்கிழமைதோறும் அவள் போய்ப் பார்த்துவந்த சித்தியின் தலையில் ஒரு முடிகூட இல்லை என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.