பிறந்த வீட்டுத் தலையணை

அன்று சிதம்பரத்தில், மகள் வீட்டு மொட்டை மாடியில் இருந்தவர்கள். நான். என் மனைவி. என் மகள். மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அம்மா. பேத்தி, ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் டப். டப்பில் இரண்டு தலையணை, தண்ணீர் சொட்டச் சொட்ட.

எல்லோரும் குனிந்து பார்த்தோம். பேத்தி மட்டும் விரலால் குத்திப் பார்த்தாள்.

"தாத்தா, இது பஞ்சு இல்ல. களி."

அது சரிதான்.

அந்தத் தலையணைகள் நான் கொடுத்தவை. மகள் கல்யாணத்துக்குக் கொடுத்தேன். கல்யாணமாகி எட்டு வருடம். நான் கடலூர் முதுநகரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். அப்போது வசதி இல்லை. கட்டில் பீரோ முடியாது என்று முதல் நாளே சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டேன். சரி என்றார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாத்திரம், ஒரு மிக்சி, ஒரு மெத்தை, இந்த இரண்டு தலையணை. அவ்வளவுதான் அனுப்பினோம்.

பஞ்சு வாங்கியது இல்லை. குறிஞ்சிப்பாடியில் என் மச்சான் வீட்டுப் பின்னால் ஓர் இலவ மரம். காய் வெடிக்கிற நேரம் பார்த்துப் போய் மூட்டை கட்டி எடுத்து வந்தோம். நானும் மனைவியும் உட்கார்ந்து கொட்டை பொறுக்கினோம். மின்விசிறியைப் போட முடியாது, பஞ்சு பறக்கும். வேர்வையில் பஞ்சு ஒட்டி இரண்டு பேருக்கும் கிழவன் கிழவி மாதிரி மீசை தாடி. மனைவி கோடு போட்ட துணியில் பை தைத்து அடைத்தாள். கெட்டியாக அடைத்தாள். முதல் தடவை தலை வைத்துப் பார்த்தபோது கருங்கல்லில் படுத்த மாதிரி இருந்தது. படுக்கப் படுக்க இளகும் என்றாள். இளகியது.

இலவம்பஞ்சுத் தலையணையைத் தண்ணீரில் போடக் கூடாது. மேலுறையை மட்டும் வாரம் ஒரு தடவை துவைக்கவேண்டும். தலையணையை வெயிலில் போட்டுக் குச்சியால் தட்டி, புரட்டிப் போட்டு எடுக்கவேண்டும். நாலைந்து வருடத்தில் பஞ்சு பொடிந்து தூசியாகும். பிரித்துக் கொட்டிவிட்டுப் புதுப் பஞ்சு அடைக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் செய்வதில்லை.

மகளும் செய்யவில்லை. வெயிலில் போடுவாள், தட்டுவாள், திரும்ப எடுத்து வைப்பாள். பிரிக்கமாட்டாள்.

மாப்பிள்ளைக்குத் தும்மல் வந்தது. காலையில் எழுந்ததும் ஆரம்பித்தால் குளித்து முடிக்கும்வரை நிற்காது. பிறகு மழைக்காலத்தில் இழுப்பும் சேர்ந்தது. அவருக்குச் செல்போன் ரிப்பேர் கடை. அரிசியில் பாதி அளவு ஸ்க்ரூவை வைத்து வேலை. ஒரு தும்மலில் பறந்துவிடும். அப்புறம் டார்ச் வைத்துத் தரையில் தேடவேண்டும். வாய் திறந்து குறை சொல்கிற ஆள் இல்லை. மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் டாக்டரிடம் போனார். மகளும் கூடப் போனாள். டாக்டர் மூக்கைப் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார். பிறகு கேட்டாராம்.

"தலையணை எப்ப வாங்குனது?"

"கல்யாணத்துக்குக் குடுத்தது சார்."

"கல்யாணம் அப்படியே இருக்கட்டும். தலையணையை மாத்துங்க."

மாப்பிள்ளை சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டாள், தலையணையை மாற்றக் கூடாது என்று. மாப்பிள்ளை புதிதாக வாங்கி வரட்டுமா என்று இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை.

மாப்பிள்ளை யோசித்தார். மாற்றக் கூடாது. சரி, துவைப்போம். மகள் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து இரண்டையும் வாஷிங் மிஷினில் போட்டார். சோப்புத்தூளும் நிறையப் போட்டார். தையல் பிரிந்தது. மிஷின் முழுக்கப் பஞ்சு. தண்ணீர் போகிற குழாயில் பஞ்சு. மிஷின் நின்றுபோனது. மகள் திரும்பி வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து குழாயிலிருந்து பஞ்சைக் கம்பியால் இழுத்துக்கொண்டிருந்தார்.

அன்று சனிக்கிழமை. நான் மஞ்சக்குப்பத்தில் ஆட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். மகள் போன்.

"அப்பா, நாளைக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"என்னா ஆச்சு?"

"அவரு தலையணையை மிஷின்ல போட்டுட்டாரு."

நாளைக்கு வர்றேன் என்று போனை வைத்துவிட்டேன். வண்டியில் ஆள் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"தலையணைக்காவ எவளாவது வூட்ட வுட்டு வருவாளா? வேற என்னமோ இருக்குது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் பஸ் ஏறினோம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் மனைவி கேட்டாள்.

"பொண்ணு வந்துர்றேன்னா கூட்டியாந்துருவீங்களா?"

"போயிப் பாப்போம்."

மகள் வீட்டு வாசலில் ஒரு பை தயாராக இருந்தது. துணி அடைத்த பை. அதைப் பார்த்ததும் விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. மாப்பிள்ளை வந்து என் கையிலிருந்த பழத்தை வாங்கிக்கொண்டார்.

"மாமா, நான் வேணும்னு பண்ணல."

"தெரியும் மாப்ள."

"குப்பையில போடாம காப்பாத்தலாம்னுதான் பண்ணேன்."

"தெரியுது."

அப்படித்தான் எல்லோரும் மாடிக்குப் போனோம், டப்பைச் சுற்றி நின்றோம். சம்பந்தி அம்மா ஆரம்பித்தார். அவர் நல்ல மனுஷி. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, ஊர்ல பொண்டாட்டிக்குப் பயந்தவன் கால அமுக்குவான். எம்மவன் தலையணையைக் குளிப்பாட்டியிருக்கான்."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை பதில் சொல்ல வாயைத் திறந்தார். தும்மல் வந்தது. தொடர்ந்து வந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தும்மினார். கண் சிவந்து தண்ணீர் ஊற்றியது. பக்கத்து மாடியில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எழுந்து போயின. மகள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். முகம் மட்டும் இளகவில்லை.

நான் ஒரு தலையணையை எடுத்தேன். பிழிந்தேன். பிரிந்திருந்த தையலை இன்னும் கொஞ்சம் கிழித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது பஞ்சே இல்லை. பழுப்புத் தூசி, தண்ணீரில் குழைந்து. கையில் ஒட்டியது. நாற்றம் வேறு.

"இது போயிட்டுது பாப்பா. மிஷின்ல போட்டதனால இல்ல. முன்னாடியே போயிட்டுது."

"எனக்குத் தெரியும்ப்பா."

"தெரிஞ்சா அப்பறம் என்னா?"

அவள் டப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெத்தை அமுங்கிடுச்சின்னு மாத்திட்டோம். மிக்சி எரிஞ்சிபோச்சி. பாத்திரம் பரண்ல கெடக்குது. கட்டிலு, பீரோ, பிரிஜ்ஜு, மிஷினு எல்லாம் இவுங்க வாங்குனது. இந்த வூட்டுல எங்க வூட்டுதுன்னு இது ரெண்டுதான் இருந்திச்சி. நான் தெனம் தல வக்கிறது."

சம்பந்தி அம்மா ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர் டேங்க் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கட்டில் கொடுக்காதது எனக்கு அப்போது ஒரு பொருட்டாக இல்லை. முடியவில்லை, கொடுக்கவில்லை, முடிந்தது என்று இருந்தேன். கேட்காதவர்கள் வீட்டில் கொடுக்காதது கணக்கில் இருக்காது என்று நினைத்தேன். மகளுக்கு இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பாள். கேட்காததால் வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"இத என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"என்னான்னு சொல்றது? எங்கப்பா ஒண்ணும் குடுக்கலன்னா?"

"நான் எப்பவாவது கேட்டிருக்கனா?"

"அதான்."

என் மனைவி முன்னால் வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டப்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி, சீர் குடுத்தது பழசாயிட்டா யாரு எடுக்கணும்? பொறந்த வூடு எடுக்கணும். யாரு திருப்பி வக்கணும்? பொறந்த வூடு வக்கணும். நீயும் புடிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது, அவுரும் தூக்கிப் போடக் கூடாது. எங்கிட்டச் சொல்லியிருந்தா நாலு வருசம் முன்னாடியே மாத்தியிருப்பன்."

அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தொட்டில் பழசானால், குத்துவிளக்கு உடைந்தால் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தலையணைக்குப் பார்த்ததில்லை. ஆனால் சம்பந்தி அம்மா நிழலிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஆமா, எங்கள்லயும் அப்படித்தான்."

அதோடு அது வழக்கமாகிவிட்டது.

நான் சொன்னேன். "வர்ற ஞாயித்துக்கிழமை புதுசு கொண்டாறேன். குடுத்தவன் நான். மாத்தறதும் நான். அதுவரைக்கும் துண்ட மடிச்சி வச்சிப் படுங்க."

மகள் கீழே போனாள். நாங்கள் இறங்கி வந்தபோது வாசலில் பை இல்லை. அடுப்படியில் வெங்காயம் நறுக்குகிற சத்தம். கறிக்குழம்பு வைத்தாள். நன்றாகச் சாப்பிட்டேன்.

ஈரப் பஞ்சை ஒரு சாக்கில் கட்டிக் கடலூருக்கு எடுத்து வந்தோம். கண்டக்டர் அதைக் கீழே தள்ளி வைக்கச் சொன்னார். மறுநாள் காலை குப்பை வண்டியில் போட்டேன்.

அந்த வாரம் தலையணைக் கடைக்குப் போனேன். மனைவியும் வந்தாள். இலவம்பஞ்சு மறுபடி வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். மாப்பிள்ளை மிஷினில் போடுகிற ஆள். மிஷினில் போடுகிற மாதிரி ஃபைபர் தலையணை கேட்டோம். கடைக்காரர் எடுத்துக் காட்டினார். உறையை வாரா வாரம் துவைக்கவேண்டும், தலையணையை மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை மிஷினில் போட்டு நல்ல வெயிலில் காயவைக்கவேண்டும் என்றார்.

"எத்தினி வருசம் வரும்?" என்று மனைவி கேட்டாள்.

"மூணு வருசம். அதுக்கு மேல வச்சிக்கக் கூடாதும்மா."

"அவ்ளோதானா?"

"ரெண்டா மடிச்சி வுடுங்க. தானா விரிஞ்சா உசுரு இருக்குது. மடிச்ச மாதிரியே கெடந்தா செத்துப்போச்சி."

வீட்டுக்கு வந்து என் தலையணையை மடித்து வைத்தேன். மடித்த மாதிரியே கிடந்தது. மனைவி தன்னுடையதை மடித்தாள். அதுவும். எந்த வருடம் அடைத்தது என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. மறுநாள் திரும்பப் போய் எங்களுக்கும் வாங்கி வந்தோம். முதல் நாள் தலை நிற்கவில்லை, மேகத்தில் வைத்த மாதிரி நழுவியது. இப்போது பழகிவிட்டது. சனிக்கிழமை தவறாமல் மனைவி உறையைத் துவைக்கிறாள். வெயிலில் காய்ந்த உறையில் படுத்தால் தூக்கம் நன்றாகத்தான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை புதுத் தலையணைகளைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் போனேன். கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார். பஸ்ஸில் மடியில் வைத்தால் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. கண்டக்டர் கேட்டார்.

"பெரியவரே, சிதம்பரத்துக்குத் தூங்கவா போறீங்க?"

"தூங்க வைக்கப் போறேன்."

பக்கத்தில் இருந்த அம்மா சிரித்தார். பேத்தி இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன்.

மகள் வாசலில் நின்றிருந்தாள். தலையணைகளை வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்தாள். பழைய உறைகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள், மனைவி பூப்போட்டுத் தைத்தவை. அதையே மாட்டினாள். அளவு கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஓரத்தில் மடித்துவிட்டாள்.

அன்று அங்கேயே தங்கினேன். காலையில் மாப்பிள்ளை எழுந்தார். ஒரு தும்மல் போட்டார். எல்லோரும் அடுத்ததற்குக் காத்திருந்தோம். வரவில்லை. அவர் பல் துலக்கப் போய்விட்டார்.

மகள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, இதுவும் மூணு வருசத்துல மாத்தணுமாமே."

"கடக்காரரு அப்படித்தான் சொன்னாரு."

"அப்ப நீங்கதான் கொண்டாரணும். இவுரு வாங்கக் கூடாது."

"சரி."

"சும்மா சரின்னு சொல்லாதீங்க. ஒவ்வொரு வாட்டியும் நீங்கதான் வரணும்."

"வர்றேன் பாப்பா."

மாப்பிள்ளை பஸ் ஏற்றிவிட்டார். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கையில் சுமை இல்லை. காற்று நன்றாக இருந்தது. புதுச்சத்திரம் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு அறுபத்திரண்டு. என் அப்பா எண்பது வரைக்கும் இருந்தார். நானும் அதுவரைக்கும் இருந்தால் இன்னும் பதினெட்டு வருடம், மூன்று வருடத்துக்கு ஒரு தடவை.

ஆறு.