ஒரு லிட்டருக்குப் பதினொன்று

எங்கள் ஜீப்புக்கு வயது எத்தனை என்று கேட்டால் என் வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், மகள் ஒன்று சொல்வாள். எனக்குத் தெரிந்தது, மகள் ஓட்டக் கற்றுக்கொண்டது அதில்தான், அப்போதே அது பழைய வண்டி. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற டீசல் ஜீப். பஸ் நிற்கிற தார் ரோட்டு முனையிலிருந்து ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டுக்கு மண் பாதை மூன்று கிலோமீட்டர். மழை பெய்தால் அதில் வேறு எந்த வண்டியும் ஏறாது.

இரண்டு வருஷத்துக்கு முந்தின மழையில் அந்தப் பாதையின் மண்ணெல்லாம் அடித்துக்கொண்டு போய், வெறும் பாறை நின்றது. ஜீப்பின் அடிவயிறு பாறையில் இடிக்க ஆரம்பித்தது. உயரம் ஏற்றினால்தான் பிழைக்கும் என்று மகள் சொன்னாள். திருப்பத்தூருக்குப் போனோம். கடையில் வரிசையாக அடுக்கியிருந்த டயர்களில் இருப்பதிலேயே பெரியதை நான்தான் கைகாட்டினேன். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். அடியில் ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடுதலாகச் சேர்த்தார்கள். தலைக்கு மேல் இரும்புக் கேரியர் வைத்தார்கள், அதுவும் நான் சொல்லித்தான். ஊர் திரும்பும்போது எதிரில் வந்த வண்டிகளின் கூரையெல்லாம் எனக்குக் கீழே தெரிந்தது. அன்றைக்கு நான் உட்கார்ந்து வந்த மாதிரி இந்த மலையில் யாரும் உட்கார்ந்து வந்திருக்க மாட்டார்கள். ஒரே ஒரு தொல்லை, என்னால் ஏற முடியவில்லை. என் உயரத்துக்கு ஏற்ற மாதிரி வெல்டிங் பட்டறையில் ஒரு படி ஒட்டவைத்துக் கொடுத்தார்கள்.

சாமை அறுத்தால், புளி உலுக்கினால், பலா பழுத்தால் எல்லாம் அந்த ஜீப்பில்தான் கீழே இறங்கும். மகள் ஓட்டுவாள், நான் முன் சீட்டு. வண்டியின் கை பிரேக்கை நம்ப முடியாது. அதனால் சரிவில் எங்கே நின்றாலும் நான் முதலில் குதித்துப் பின் சக்கரத்துக்கு முட்டுக்கல் வைப்பேன். அது என் வேலை.

போன மாசி மாதம் திருப்பத்தூரிலிருந்து மகன் வந்தான். அவனுக்கு அங்கே வேலை, குடும்பம். ஜீப்பின் டேங்க்கை நிரப்பி எடுத்துக்கொண்டு போனான், வந்தான், மறுபடியும் நிரப்பிப் பார்த்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் போனான்.

"நைனா, லிட்டருக்கு ஒம்போதுதான் குடுக்குது. முன்ன பன்னெண்டு குடுத்த வண்டி. இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க? டீசல் குடிக்கிற பேய்."

"பேய்க்கு டயர் மாட்னது உங்க அம்மாதான்" என்றார் அவர்.

"நான் மாட்டலன்னா அது பாறையில குந்திக்கினு இருந்திருக்கும்" என்றேன்.

"வித்துடலாம். எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு வாங்கிக்கிறேன்னாரு. அடுத்த ஞாயித்துக்கெழம இட்டுக்கினு வர்றேன்."

என் வீட்டுக்காரர் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பன்னெண்டு வேணான்டா. வயசான வண்டி, ஒண்ணு கொறஞ்சா பொறுத்துக்கலாம். பதினொண்ணு குடுத்தா இருக்கட்டும். குடுக்கலன்னா எட்த்துனு போகச் சொல்லு."

அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் மாற்ற மாட்டார். ஜீப் போனால் முனை வரைக்கும் மூன்று கிலோமீட்டரை என் முழங்கால் நடக்காது. யாராவது பைக்கில் போகும்போது, என்னையும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளப்பா என்று கேட்டு நிற்க வேண்டும். நான் யாரையும் அப்படிக் கேட்டு நின்றதில்லை. எனக்கு இருந்தது ஒரு வாரம்.

மறுநாள் காலையிலேயே மகளைக் கிளப்பினேன். முனையிலிருந்து காவலூர்ப் பக்கம் விடச் சொன்னேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள், ஆனாலும் எண் நன்றாகத் தெரியும். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். பத்து கிலோமீட்டர் ஆனதும் நிறுத்தச் சொல்லி மீட்டரைப் பார்த்தோம். ஒன்பதுதான் ஓடியிருந்தது.

"மீட்டர் ரிப்பேரு போல" என்றாள் மகள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் நெட்டை, நான் குட்டை. அவர் எழுபது எட்டு வைத்துக் கடக்கிற வரப்பை நான் நூறு எட்டு வைத்துக் கடப்பேன். வரப்பு நீண்டுவிடவா செய்கிறது? "காலு நீளமா இருந்தா எட்டு கொறையும். டயரு பெருசானா?" என்று கேட்டேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்டீயரிங்கை ஒரு தட்டு தட்டினாள். "யம்மா! மீட்டரு சக்கரம் சுத்தறதத்தான எண்ணுது. பெரிய டயரு கொஞ்சம் சுத்திட்டு ரொம்ப தூரம் போய்டுது. அண்ணன் ஒம்போதுன்னு சொன்னது நெசத்துல பத்து!"

மகன் படித்தவன், அவனுக்குத் தோன்றவில்லை. அதை நான் இன்றுவரைக்கும் சொல்லிக்காட்டுகிறேன்.

பத்து கிடைத்துவிட்டது, இன்னும் ஒன்று வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மகள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மழைக்காலத்தில் சேற்றில் பிடிக்கட்டும் என்று டயரில் காற்றைக் குறைத்திருந்தாள், திரும்ப ஏற்ற மறந்துபோயிருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு காற்றை ஏற்றினாள். கேரியரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரும்பு என்ன கனம் இருக்கும் என்று எனக்கும் தெரியும். "கழட்டு" என்றேன். இப்போது அது வீட்டுக்குப் பின்னால் நான்கு கம்பத்தின் மேல் கிடக்கிறது, அவரைக்கொடி ஏறியிருக்கிறது.

அடுத்துப் பின் சீட்டைத் தூக்கினாள். இரண்டு பக்கமும் சீட்டுக்கு அடியில் தகரப்பெட்டி மாதிரி இடம் இருக்கும்.

"யம்மா, இங்க வா. இன்னா இது?"

எட்டிப் பார்த்தேன். முட்டுக்கற்கள். சரிவில் வைத்து எடுக்கும்போது, ஒருபக்கம் சப்பையாக, ஒருபக்கம் சாய்வாக, சக்கரத்துக்கென்றே செய்த மாதிரி ஒரு கல் கிடைத்தால் அதை விட்டுவர எனக்கு மனசு வராது. உள்ளே போட்டுக்கொள்வேன். அடுத்த சரிவில் அதைவிட நல்ல கல் கிடைக்கும். இரண்டு வருஷமாக இது நடந்திருக்கிறது. மகள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். இருபத்து மூன்று. சிலதைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"மலையவே ஏத்தி வச்சிக்கினு மலை மேல ஏறுறியே, வண்டி இன்னா பண்ணும்?"

சிரித்துச் சிரித்து அவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் வந்தார். கற்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வூடு கட்டப் போறியாமே?"

"நல்ல கல்லுங்க" என்றேன். டீசலைக் குடித்த பேய் நான்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதை அவர் வாயால் கேட்க நான் தயாராக இல்லை. ஒரே ஒரு கல்லை மட்டும் வண்டியில் போட்டுவிட்டு மற்றதை நானே உருட்டிக்கொண்டுபோய் வேலியோரம் போட்டேன். முழங்கால் இரண்டு நாள் வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் பைக்கில் வந்தான், பின்னால் வாங்க வந்தவர். நல்ல மனுஷர், செருப்பைக் கழற்றிவிட்டு வணக்கம் சொன்னார். எல்லோரும் முனைக்கு இறங்கினோம். அங்கே மகள் என்ஜினுக்குப் போகிற டீசல் பைப்பை டேங்க்கிலிருந்து கழற்றி, ஒரு லிட்டர் டீசலை அளந்து ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டாள். என்ஜினிலிருந்து மிச்சம் திரும்பி வருகிற பைப்பையும் அதே பாட்டிலுக்குள் விட்டாள். பட்டறையில் இப்படித்தான் பார்ப்பார்களாம். பாட்டில் என் மடியில். முனையிலிருந்து காவலூர்ப் பக்கம் ஐந்தாம் கல்லுக்கும் ஆறாம் கல்லுக்கும் நடுவில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. முனையிலிருந்து அங்கே போய்த் திரும்பி முனைக்கே வந்தால் பதினொன்று. ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு, யாரும் ஏமாற்ற முடியாது.

வாங்க வந்தவரும் மகனும் பைக்கில் பின்னால் வருவதாகப் பேச்சு. என் வீட்டுக்காரர் மறுபடியும் ஜீப்பில் ஏறினார்.

"நீங்க எதுக்கு? ரெண்டு மூட்ட கனம் இருக்கீங்க" என்றேன்.

"நாயம் பாக்க ஒரு ஆளு வேணாமா? கல்லுக்கு எடம் இருந்திச்சி, எனக்கு இல்லியா?"

பாலத்துக்குப் போய்த் திரும்பும்போது பாட்டிலில் பாதிக்கு ஒரு விரல் குறைவாக இருந்தது. போகும்போது ஏற்றம் அதிகம் என்று மகள் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை, கண்ணைப் பாட்டிலைவிட்டு எடுக்கவில்லை. டீசல் வாடை மூக்கில் ஏறியது, புடவையில் இரண்டு சொட்டு சிந்தியது. ஒன்பது தாண்டியது. பத்து தாண்டியது. முனைக்கு முன்னால் ஒரு மேடு. பாட்டிலில் அரை விரல். பைப்பின் வாய் காற்றைக் குடித்துவிடக் கூடாதே என்று பாட்டிலை மெதுவாக ஒருபக்கம் சாய்த்தேன்.

"சாய்க்காதமே!" பின்னாலிருந்து அவர்.

"நான் எங்க சாய்க்கிறேன்? மேடு சாய்க்குது!"

"யம்மா, நைனா, செத்த சும்மா இருங்க ரெண்டு பேரும்!" என்று மகள் கத்தினாள்.

மேட்டின் உச்சியில் வண்டி ஒரு இருமல் இருமியது. தாண்டியது. முனையில் பஸ் நிற்கிற இடத்தைக் கடந்து, மண் பாதைக்குள் திரும்பி, மூன்று நான்கு வண்டி நீளத்துக்குப் போய் நின்றது. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து ஜன்னலுக்கு வெளியே பிடித்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

பைக் வந்து நின்றது. மகன் டயரைக் காலால் தட்டிக்கொண்டிருந்தான். வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து ஸ்பிரிங் பட்டையைப் பார்த்தார், டயரைத் தடவினார். அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"பெரியவரே, குடிக்கிற வண்டின்னு சொன்னதாலதான் ரெண்டு மனசா வந்தேன். இப்ப எனக்கு நிச்சயமா வேணும். மொதல்ல சொன்னதுக்கு மேலயே போட்டுத் தர்றேங்க."

ஒரு வாரம் பாடுபட்டு வண்டியை நல்லதாக்கி, அதை நானே விற்றுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே! என் வீட்டுக்காரர் இறங்கி நின்று வேட்டியை உதறிக் கட்டினார். மகனைப் பார்த்தார். மகனும் அவரைப் பார்த்தான்.

"நான் இன்னா சொன்னேன்? பதினொண்ணு குடுத்தா இருக்கட்டும்னேன். குட்த்துச்சி. அவ்ளோதான்" என்றார். பிறகு வாங்க வந்தவரிடம், "இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, வூட்ல சாமச்சோறு ஆக்கி வச்சிருக்குது, சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்றார்.

அந்த மனுஷர் சிரித்துவிட்டார். "சரிங்க. ஆனா எந்த டயருன்னு மட்டும் சொல்லுங்க, நம்ம வண்டிக்கும் மாட்றேன்."

"அத என்னக் கேளுங்க" என்றேன் மேலிருந்தபடியே.

டீசல் தீர்ந்ததில் பைப்புக்குள் காற்றுப் பிடித்துவிட்டிருந்தது. மகள் பைப்பை டேங்க்கோடு மாட்டி, பானட்டைத் திறந்து, காற்றை வெளியேற்றக் கைப்பம்ப்பை அடிக்க ஆரம்பித்தாள். மகன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, "தள்ளு, நான் அடிக்கிறேன்" என்று அவள் பக்கத்தில் போனான். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று நான் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.