முப்பது எழுத்துக் காலியிடம்

ஏழுமலையின் சாவுக்குக் காரணம் நான். தேவராஜ் அல்ல!

நம்ப முடியவில்லையா உங்களால்? ஆம்பூருக்கு வெளியே இருந்த அந்தத் தோல் தொழிற்சாலையில் ஒரு தோலைக்கூடத் தொட்டவன் அல்லன் நான். ஏசி அறையில் கணினிமுன் அமர்ந்திருந்தவன்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் விஷவாயு இருக்கிறதா என்று சூப்பர்வைசர் தேவராஜ் சோதிக்க வேண்டும். சோதித்தபின் கணினியில் தம் பெயரைப் பதிய வேண்டும். பெயர் இருந்தால்தான் அனுமதிச் சீட்டு அச்சாகும். கோபால் என்னும் பழைய கணினி மொழியில் அந்த நிரலை எழுதியவன் நான். பெயரின் நீளம் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் சீட்டைக் கொடு... அவ்வளவுதான் கட்டளை.

பெயருக்கு முப்பது எழுத்து இடம் ஒதுக்கியிருந்தேன். கோபாலோ, எழுதியதை அளக்காது. ஒதுக்கிய இடத்தை அளக்கும். ஒன்றுமே எழுதாவிட்டாலும் நீளம் முப்பது என்றே சொல்லும். இது எனக்குத் தெரியாதா? படித்தவன்தானே! காலியாக விட்டு ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்திருந்தால்... பார்க்கவில்லை. சோம்பல். வேறென்ன சொல்ல?

அன்று தேவராஜ் வாயு பார்க்கும் கருவியை எடுத்துவரப் போயிருந்தார். பெயர் பதியவில்லை. அதற்குள் யாரோ பொத்தானை அழுத்த, சீட்டு வந்துவிட்டது. அதை நம்பித் தொட்டியைச் சுத்தம் செய்ய வந்த ஏழுமலை இறங்கினான். பிணமாகத்தான் தூக்கினார்கள். சட்டைப் பையில் சீட்டு நனைந்து கூழாகியிருந்தது.

மதியமே நிரலைத் திறந்தேன். ஒரே வரி! திருத்தினேன்... யாரிடமும் மூச்சுவிடவில்லை.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள்.

"பேரு இல்லாம சீட்டு வராது சார். அவரு போட்டுட்டு அப்புறம் அழிச்சிருப்பாரு."

குரல் நடுங்கவேயில்லை, தெரியுமா! தேவராஜின் வேலை போயிற்று. ஏழுமலையின் மனைவி அவர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

போன மாதம் காட்பாடி ரயில் நிலையத்தில் தேவராஜைப் பார்த்தேன். நழுவப் பார்த்தேன், அவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"யோசிச்சு யோசிச்சு எனக்கே இப்ப சந்தேகமா இருக்குது சார். நான்தான் பேரைப் போட்டுட்டு மறந்துட்டேனா? நீங்களே சொல்லுங்க."

அப்போதும்... அப்போதும் நான் என்ன சொன்னேன் என்கிறீர்கள்?

"இருக்கலாம்ணா."

அவர் மெல்லத் தலையாட்டினார். அதுவரை என் பொய்யை நம்பாமல் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான்.