மஸ்கட்டுக்குப் போன கேசட்

“காட்சி 1: காலை 7.05, வாசலில் கோலம். காட்சி 2: 7.40, பள்ளிக்குக் கிளம்புவது. காட்சி 9: மாலை 4.20, தெப்பக்குளப் படியில் பாட்டு.”

1996 மே மாதத்து ஞாயிறு ஒன்றில், கோடு போட்ட நோட்டில் நான் எழுதிய பட்டியல் இது. இதில் உள்ள ஒரு காட்சிகூடப் பதிவாகவில்லை.

எங்களுக்குப் பதினைந்து வயது. மயிலாப்பூரில் என் எதிர்வீட்டுத் தோழியின் அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தார்; மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. அவரோடு வேலை செய்பவர் விடுமுறை முடிந்து திங்கள் காலை திரும்ப இருந்தார். தன் வீடியோ கேமராவை ஞாயிறு மாலை ஆறு மணி வரை எங்களிடம் விட்டு, “உங்க ஒருநாளை அப்படியே எடுங்கம்மா, நானே அவருக்குப் போட்டுக் காட்டுறேன்” என்றார்.

அவளுக்கு ஒரே பயம். “இவ்ளோ வளந்துட்டேன். ஏர்போர்ட்ல வேற யாரோன்னு தாண்டிப் போயிட்டார்னா?”

கல்யாண வீடியோ பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். கோடை விடுமுறையிலும் அவள் சீருடை போட்டு, ரிப்பன் கட்டி, அசையாமல் நின்று சிரித்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் கேமரா நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். லஸ் கார்னர் சிக்னலில் சிவப்புக்கு அதுதானே பொருள்!

ஐந்தேகாலுக்கு அவள் வீட்டு டிவியில் போட்டோம். முதலில் தரை வந்தது. பிறகு என் செருப்பு. சிவப்புப் புள்ளி என்றால் பதிவாகிறது என்று அர்த்தமாம். கழுத்தில் தொங்கிய கேமரா, ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் நடந்ததை மட்டும் எடுத்திருந்தது. சாய்ந்த படத்தில் அவள் தள்ளுவண்டிக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தாள்.

“நேத்து குடுத்த கத்திரிக்காய்ல பாதி புழு!”

“புழுவுக்குத் தனியா காசு வாங்கலையே பாப்பா. இன்னாத்துக்கு இந்தக் கத்து?”

பின்னால் அவள் அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

தோழி அழுதுவிட்டாள். “மானத்த வாங்கிட்டியேடி! அப்பாவுக்கு உன் செருப்பையா அனுப்பணும்?”

மறுபடி எடுக்க வேறு கேசட்டும் இல்லை, நேரமும் இல்லை. அவள் அம்மாதான் முடிவு செய்தார். “இதையே அனுப்பு. நீ பொம்மையாட்டம் நிக்கிறதைப் பாக்க ஒரு போட்டோ போதாதா?”

கேசட் கிளம்பிப் பதினெட்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, கீழ்வீட்டுத் தொலைபேசியில் அவள் அப்பா கூப்பிட்டார். இருவருமாக ஒரே ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டோம். “ஏர்போர்ட்ல என்னை அடையாளம் தெரியுமாப்பா?” என்று அவள் கேட்டாள்.

“கத்திரிக்காய்ச் சண்டையைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறேன். அப்படியே உங்கம்மா! ஏர்போர்ட்ல வந்து அதே மாதிரி ஒரு கத்து கத்து, போதும்.”

அவள் ரிசீவரை என்னிடம் தராமலே சிரித்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் அவர் வந்தார். கேசட்டைப் பார்த்த மறுநாளே விடுப்பு கேட்டார் என்று அவள் இன்றும் சொல்கிறாள். பிப்ரவரியிலேயே கேட்டாகிவிட்டது என்கிறார் அவள் அம்மா. அந்த விண்ணப்பத்தை நான் பார்த்ததில்லை. எது சரி என்பது இதுவரை உறுதியாகவில்லை.