பின் பிரேக்கோடு தேனிக்குப் போன சனிக்கிழமை

அன்று போனவர்கள் மூன்று பேர். நான், என் மனைவி முருகேஸ்வரி, கார் ஓட்டிய ஜமால் பாய். காருக்குப் பின்னால் கட்டியிருந்த பாயின் சைக்கிளையும் சேர்த்தால் நான்கு. சேர்க்கத்தான் வேண்டும். அன்று முழுக்க என் கண் அதன் மேல்தான் இருந்தது.

உத்தமபாளையத்தில் எனக்கு சைக்கிள் கடை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜமால் பாய் ஏலக்காய் வியாபாரி. சர்க்கரை வந்த பிறகு டாக்டர் பேச்சைக் கேட்டுத் தொண்ணூறாயிரத்துக்கு ஒரு மலைச் சைக்கிள் வாங்கினார். அதன் பிரேக்கில் கம்பி கிடையாது. மோட்டார் பைக்கில் இருப்பதுபோல் குழாய்க்குள் எண்ணெய் ஓடிப் பிடிக்கும். செவ்வாய்க்கிழமை பின் பிரேக் தளர்ந்துவிட்டது என்று கொண்டுவந்தார். காற்றை எடுத்து, புது எண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன். நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேகமலையிலிருந்து சின்னமனூருக்கு அந்தச் சைக்கிளில் இறங்கப் போகிறேன் என்று அவர் சொன்னதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் பதினெட்டு. நான் செய்தது சரிதானா? கேட்க ஆள் இல்லை. தேனியில் சைக்கிள் கண்காட்சி, கோயம்புத்தூர் மெக்கானிக்குகள் வருகிறார்கள் என்று பாயே கூப்பிட்டபோது, அந்த ஒரு கேள்விக்காகத்தான் கிளம்பினேன்.

காலை 7.40. கேஸை மூடினோமா என்று இரண்டு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன்.

"பாய், சைக்கிள உள்ள உக்கார வச்சுட்டு இவரப் பின்னால கட்டியிருக்கலாம்" என்றாள் முருகேஸ்வரி.

"கட்டலாம் மதினி. கயிறு இறுக்கமா இருக்கான்னு அண்ணே எறங்கி எறங்கிப் பாப்பாரே!"

தேனி முப்பது கிலோமீட்டர் சொச்சம். சின்னமனூரில் வலது பக்கம் மேகமலைக்குப் பிரியும் ரோட்டைப் பாய் சந்தோஷமாகக் காட்டினார். நான் எதிர்ப்பக்கம் வாழைத் தோப்பைப் பார்த்தேன்.

8.50. கண்காட்சி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தைய முகூர்த்தத்து வாழைமரம் வாசலில் அப்படியே நின்றது. கார் நிறுத்த நாற்பது ரூபாய், ஆளுக்கு நுழைவுச்சீட்டு நூறு. வாசலில் இருந்தவர் "டீலரா, ரைடரா, விசிட்டரா?" என்றார். மூன்றில் நான் எது என்று எனக்கே தெரியவில்லை. கடை இருக்கிறது என்றேன். டீலர் என்று ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு விலைப் பட்டியலோடு ஆள் ஆளாக என்னைச் சுற்றினார்கள்.

"மாசம் எத்தனை சைக்கிள் போகும் சார்?"

"பஞ்சர் ஒட்டினதச் சேத்தா?" என்றேன். அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

மேடையில், மாப்பிள்ளை பெண் உட்காரும் இடத்தில், ஒரு சைக்கிள். ஒரு விரலால் தூக்கிக் காட்டினார்கள். விலை 3,40,000. ஸ்டாண்டு இல்லை, பெல் இல்லை, கேரியர் இல்லை. குனிந்து பார்த்தால் பெடலும் இல்லை. கழன்று விழுந்துவிட்டதோ, நம்மைச் சொல்லிவிடுவார்களோ என்று பின்வாங்கினேன். பெடல் தனி, அவரவர் ஷூவுக்கு ஏற்றபடி வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

"மூணு லட்சத்து நாப்பதாயிரத்தக் குடுத்து உருட்டிட்டுப் போகவா?" என்றாள் முருகேஸ்வரி.

டயருக்குள் ட்யூப் இல்லை, வெள்ளையாகப் பால் போல ஒன்று ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்கிறது. கியருக்கு வயர் இல்லை, பேட்டரி. இதில் நான் ஒட்டவும் முடுக்கவும் என்ன இருக்கிறது?

11.15. இலவசப் பரிசோதனை மேசைக்குப் பாய் சைக்கிளை உருட்டி வந்தார். அங்கே தீபா என்று ஒரு மெக்கானிக் பெண், கோயம்புத்தூர். "எல்லாத்தையும் பாரும்மா. பின் பிரேக்க மட்டும் தொட வேணாம், எங்க அண்ணே செஞ்சது. கண்ண மூடிட்டு எறங்கலாம்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட் பார்க்கப் போனார்.

மேசையில் இரண்டு எண்ணெய்ப் பாட்டில்கள் இருந்தன. ஒன்று இளஞ்சிவப்பு, மற்றது மங்கிய மஞ்சள். மஞ்சள்தான் நான் ஊற்றியது.

"ஏம்மா, ஒருத்தரு பைக் பிரேக் ஆயில இதுல ஊத்திட்டாருன்னு வைங்க..."

தீபா கை துடைப்பதை நிறுத்தினாள். "எந்த ஒருத்தருங்ணா?"

"எங்க ஊர்ப் பக்கம்."

"ஓட்ட வேண்டாம்னு சொல்லுங்க. இதுக்கு இந்தச் சிவப்பு ஆயில்தானுங்க. அதை ஊத்தினா மொதல்ல நல்லாத்தான் புடிக்குமுங்க. உள்ளே ரப்பர் ஊறி உப்பிட்டா எப்பக் கைவிடும்னு சொல்ல முடியாதுங்க."

பிரேக் கைப்பிடியிலேயே எந்த எண்ணெய் என்று ஆங்கிலத்தில் பொடியாக எழுதியிருப்பதைக் காட்டினாள். செவ்வாய்க்கிழமை அதைக் கம்பெனிப் பெயர் என்று நினைத்துத் துடைத்துவிட்டுத்தான் வேலையைப் பார்த்தேன்.

1.10. பிரியாணி ஒரு தட்டு 180 ரூபாய். எனக்கு இறங்கவில்லை. பாயின் கூட்டாளிகள் ஐந்து பேர் அவர் வார்த்தையை நம்பி என்னிடம் வருகிறார்கள். சொன்னால் கடை போகும். சொல்லாவிட்டால்? பாய் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் முருகேஸ்வரியிடம் சொன்னேன்.

"இப்பவே சொல்லுங்க" என்றாள். "நாளைக்கு அவுக வீட்டுப் படியில நின்டு சொல்றதுக்கு இது தேவல."

பாய் வந்ததும் சொன்னேன். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"நேத்து லாரிக்குப் பின்னால பிரேக்கப் பிடிச்சேண்ணே. நின்டுச்சே."

"நிக்குமாம் பாய். நிக்கிற வரைக்கும் நிக்குமாம்."

எழுந்து கை கழுவப் போனார். கோபமா, பயமா, முதுகைப் பார்த்து எதுவும் தெரியவில்லை. திரும்பி வந்து, "எந்திரிங்க. புது பிரேக்கு மாத்தணும்" என்றார்.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிருவோம் பாய்."

"அது சாயங்காலம் கோயமுத்தூரு போயிரும். நாளப்பின்ன கெட்டுச்சுன்னா நான் யாருகிட்ட வர்றது? நீங்க மாத்துங்க. அது பக்கத்துல நின்டு பாக்கட்டும்."

2.30 முதல் 4.15 வரை, ஹெல்மெட் போட்ட பத்துப் பேர் சுற்றி நிற்க, அங்கேயே வாங்கிய புது பிரேக்கை மாட்டி, ஊசிக்குழலால் சிவப்பு எண்ணெய் ஏற்றினேன். இரண்டு தடவை காற்றுக் குமிழி வந்தது. "திரும்பவுமுங்ணா" என்றாள் தீபா. மூன்றாவது தடவை வரவில்லை. அவளே ஏறி, மண்டப வாசல் சரிவில் நான்கு முறை பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

பில் 5,600. என்னிடம் 1,500 இருந்தது, முருகேஸ்வரி பர்ஸிலிருந்து 700. மீதி 3,400 பாய் போனில் அனுப்பினார், என் பேரில் கடனாக.

ஞாயிறு 11.20. கடையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது.

"சின்னமனூர்ல டீ குடிக்கிறேண்ணே."

"பிரேக்கு?"

"பின்னது கும்முன்னு நிக்குது. முன்னதுதான் கீச்சுங்குது."

தேனி மண்டபத்தில் பார்த்ததில் பாதி எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் கடையில் விற்கும் சைக்கிளுக்குப் பெடல் உண்டு. எழுத்துத்தான் எனக்குக் கண்ணில் படுவதில்லை. மறுநாள் பாய் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்தபோது, முன் பிரேக்கைக் கழற்றுமுன் அதில் எழுதியிருந்ததைப் போனில் படம் பிடித்து தீபாவுக்கு அனுப்பி, பதில் வந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டேன்.

பாய் கூலி நூற்றைம்பது நீட்டினார். கடனில் கழித்துக்கொள்ளச் சொன்னேன்.

"கூலி வேற, கடன் வேற அண்ணே. ஏலக்கா யாவாரத்துல ரெண்டையும் கலக்க மாட்டோம்."

வாங்கிக்கொண்டேன். இன்னொரு கையால் அதையே அவரிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே பையில் வைத்தார். பாக்கி 3,250 ரூபாய்.