பிடி என்று காதில் விழுந்தது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மைசூருக்கு ஆராய்ச்சி மாணவனாகப் போனபோது எனக்குக் கன்னடம் தெரியாது. வாய்ப் புற்றுநோயாளிகளின் உட்கன்னத்திலிருந்து எடுத்த சதைத் துணுக்கைத் தனித்தனி செல்களாகப் பிரித்து வளர்ப்பது எங்கள் வேலை.

அன்று வந்த துணுக்கு, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ராமாபுரத்துக் கொத்தனார் ஒருவருடையது. "எடுத்துக்க கண்ணு. எனக்கு ஆவாட்டியும் அடுத்தவனுக்கு ஆவட்டும்" என்று தமிழிலேயே சொல்லியிருந்தார்.

செல்களைப் பிரிக்கும் நொதியில் துணுக்கைப் போட்டு, குழாயை வெதுவெதுப்பான நீரில் பிடித்திருந்தேன். நேரம் மிஞ்சினால் நொதி செல்லையே தின்றுவிடும். வாசலிலிருந்து சீனியர், "பிடி, பிடி!" என்று கத்திவிட்டு டெலிபோனுக்கு ஓடினார். நானும் விடாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அவர் திரும்பியபோது குழாயில் சளிபோன்ற கூழ்தான் மிச்சம்; ஒரு செல்கூடப் பிழைக்கவில்லை. என் தமிழ்க் காதில் 'பிடி' என்று விழுந்த அந்தக் கன்னடச் சொல்லுக்கு 'விடுங்கள்' என்று அர்த்தமாம். ஆய்வுக்கூடமே சிரித்தது. எனக்குப் 'பிடி' என்றே பேர் வைத்தார்கள்.

பிறகு ஒருநாள் வார்டுக்குப் போனேன். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கொத்தனாரை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னோடது வளருதா கண்ணு?"

"வளருதுங்க."

"நான் போனாலும் அது உசுரோட இருக்குமில்ல?"

"இருக்குங்க."

அப்புறம்தான் கையை விட்டார்.

தவறு எனக்குத் தெரியாத மொழியில் நடந்தது. பொய்யை மட்டும் தாய்மொழியில், ஒரு எழுத்துகூடப் பிசகாமல் சொன்னேன்.