பொத்தான் போனுக்கு வராத சாவுச் செய்தி

கம்பாலாவில் தையல் கடை வைத்திருந்த நபுகீரா, போனில் வீடியோ பார்த்துக்கொண்டே இஸ்திரி போட்டு, ஒரு மணப்பெண் விசேஷத்துக்கு உடுத்தும் கோமேசி என்ற பட்டு அங்கியைக் கருக்கிவிட்டாள். அன்றே தொடுதிரை போனை அண்ணன் லுபேகாவிடம் கொடுத்துவிட்டுப் பொத்தான் போனுக்கு மாறினாள். மூன்று வாரம் விரல்கள் தவித்தன. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள்.

அவளை வளர்த்த அத்தை இறந்த செய்தி குலத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வந்தது. இரண்டு நாள் கழித்து, சந்தையில் ஒருத்தி துக்கம் விசாரித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஊருக்கு ஓடினாள். அதற்குள் குழியை மூடிச் சிமெண்டும் பூசியிருந்தார்கள்.

"முன்னே போனை விட்டுட்டு வரமாட்டே. இப்ப போன் இல்லாததால வரலை. நல்லா இருக்குடி!" என்றாள் அத்தை மகள்.

"குழுவுல போட்டா எல்லாருக்கும் போயிடும்னு பழகிப்போச்சும்மா. நானும் மறந்துட்டேன்" என்று அண்ணன் பழைய போனை நீட்டினான். "வாங்கிக்கோ."

"வேணாம்ண்ணா. தொட்டா மறுபடி மூழ்கிடுவேன்."

துக்கத்துக்கு வந்து பாய்களில் உட்கார்ந்திருந்தவர்கள் முன் ஊர் வழக்கப்படி முழங்காலிட்டு, பாய்க்குப் பாய் நகர்ந்தாள். "என் நம்பரை எழுதிக்கோங்க. சாவுன்னா ஒரு தடவை கூப்பிடுங்க, போதும்" என்று கெஞ்சினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.